சூளையும் சாட்சியும்: கல்பாக்கத்திலிருந்து கூடங்குளம் வரை

எங்கள் ஊர் விருத்தாசலம். ரயிலில் தெற்கே போகிறவர்களுக்கு அது ராத்திரியில் கடந்துபோகும் ஒரு ஜங்ஷன். கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பழமலைநாதர். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது செராமிக். பெரியப்பா செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட் நடத்தினார். அகல்விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் கட்டை. களிமண்ணைக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது, காயவைப்பது, க்ளேஸ் பூசுவது வரை எல்லாம் எங்கள் கொட்டகையிலேயே நடக்கும். சுடுவதற்கு மட்டும் சொந்தச் சூளை கிடையாது. பக்கத்து யூனிட்காரரின் சூளையில் கூலி கொடுத்து வேகவைத்து வாங்க வேண்டும்.

அந்தச் சூளைதான் நான் பார்த்த முதல் அறிவியல் கருவி. கதவை அடைத்துவிட்டால் உள்ளே சுமார் 1200 டிகிரி. யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. சுவரில் ஒரு சின்னத் துளை, அதற்கு ஒரு மூடி. மூடியை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆரஞ்சு வெளிச்சத்துக்கு நடுவில் விரல் நீளத்தில் மூன்று கூம்புகள் நிற்கும். கோன் என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இளகித் தலைசாயும்படி செய்த மண் கலவை. முதல் கோன் சாய்ந்தால் நேரம் நெருங்கிவிட்டது, இரண்டாவது சாய்ந்தால் வெந்துவிட்டது, மூன்றாவதும் சாய்ந்தால் சரக்கு கெட்டது.

"மீட்டர் பொய் சொல்லும்டா தம்பி. கோன் சொல்லாது. அது உள்ளயே இருந்து வெந்திருக்கு இல்ல" என்பார் பெரியப்பா.

சூளை திறக்கிற நாளில் சண்டை நிச்சயம். எங்கள் சரக்கு 600 உள்ளே போயிருக்கும். நல்லதாக வந்தது 560, உடைந்தது 30. "மீதி 10 எங்க?" என்று பெரியப்பா கேட்பார். சூளைக்காரர் எண்ணிக்கையில் தப்பு என்பார், தூளாகிவிட்டது என்பார், வேறு ஆள் சரக்கோடு கலந்துவிட்டது என்பார். கடைசியில் பெரியப்பா நோட்டுப் போட்டார். ஏற்றும்போது இரண்டு பேரும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இறக்கும்போதும் அப்படியே. உடைந்த சில்லும் எண்ணிக்கையில் சேரும்.

உலகத்தின் அணு உலைகளைக் கண்காணிக்கிற வியன்னா நகரத்து அலுவலகம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

ஒரு பட்டியலில் ஒரு சொல்

2008 ஜூலை 22. இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டலில் டிவி முன்னால் கூட்டம். கிரிக்கெட் இல்லை, நாடாளுமன்றம். இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. அவைக்குள் பாஜக உறுப்பினர்கள் நோட்டுக்கட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். 275க்கு 256 என்று அரசு பிழைத்தது. நாங்கள் விசிலடித்தோம். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

பல வருஷம் கழித்து, சாஃப்ட்வேர் வேலையில் ஆடிட் லாக் எழுதி எழுதிச் சலித்திருந்த ஒரு நாளில், இந்தியாவுக்கும் சர்வதேச அணுசக்தி முகமைக்கும் இடையிலான கண்காணிப்பு ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். அதன் பின்னிணைப்பில் முகமை வந்து பார்க்கலாம் என்று இந்தியா ஒப்புக்கொண்ட இடங்களின் பட்டியல் இருக்கிறது. ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தின் கீழே ஒரு வரியில் 'செராமிக் எரிபொருள் தயாரிப்பு ஆலை' என்று கண்டிருந்தது. விருத்தாசலத்துக்காரன் கண்ணில் அது படாமல் போகுமா?

யுரேனியம் எரிபொருள் ஒரு செராமிக் பொருள்தான். யுரேனியம் ஆக்சைடு பொடியை அச்சில் வைத்து அழுத்தி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வில்லையாக்கி, ஹைட்ரஜன் சூழ்ந்த உலையில் சுமார் 1700 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். அச்சு, அழுத்தம், சுடுதல், தேய்ப்பு. பெரியப்பாவுக்கு விளக்கியிருந்தால், "அதான் நாம செய்யறது" என்றிருப்பார். அந்தப் பட்டியலில் இருந்தது மட்டுமல்ல, இல்லாததும் என்னை உள்ளே இழுத்தது. கூடங்குளம் இருந்தது. கல்பாக்கத்தின் உலைகள் இல்லை.

சென்னையிலிருந்து 70 கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கம். அதே கடற்கரையின் அடிமுனையில் கூடங்குளம். ஒன்றுக்குள் வியன்னாவின் கேமராக்கள் உண்டு, மற்றதன் உலைகளை எந்த வெளிநாட்டுக் கண்ணும் பார்ப்பதில்லை. ஒரே மாநிலத்தில் ஏன் இப்படி ஒரு கோடு? அதற்கு அறுபது, எழுபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

வாக்குறுதி மட்டும் போதும் என்றிருந்த காலம்

1953 டிசம்பர் 8 அன்று ஐ.நா. சபையில் ஐசனோவர் 'அமைதிக்கு அணு' என்று பேசினார். அணு அறிவை உலகத்தோடு பகிர்வோம், அது ஆயுதமாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சர்வதேச அமைப்பு வேண்டும் என்பது சாரம். 1957இல் வியன்னாவில் முகமை பிறந்தது. அதன் விதிகளை வகுத்த பேச்சுவார்த்தைகளில் இந்தியாவின் குரல் ஹோமி பாபா. கண்காணிப்பு நிபந்தனைகளை அவர் கடுமையாக எதிர்த்தார். உதவி கேட்டு வருகிற ஏழை நாடுகள் மட்டும் சோதனைக்கு உட்பட வேண்டும், ஏற்கெனவே குண்டு வைத்திருப்பவர்கள் தங்கள் கொல்லையைக் காட்ட வேண்டாம் என்றால் அது என்ன நியாயம் என்பதே அவர் வாதம்.

அந்தச் சமயத்தில்தான், 1956இல், கனடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலை தர ஒப்புக்கொண்டது. கன நீரை அமெரிக்கா தந்தது. இரண்டு நாடுகளின் பெயரும் சேர்ந்து அதன் பெயர் 'சைரஸ்' ஆனது. 1960இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அமைதி வேலைகளுக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்தது. அதைச் சரிபார்க்க ஆள் வரலாம் என்ற விதி எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. சூளைக்காரரின் வாய் வார்த்தை. நோட்டு இல்லை.

மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் அமெரிக்கா மின் உலைகள் கட்டித் தந்தபோது நோட்டு வந்துவிட்டது. 1963 ஒப்பந்தத்தின்படி செறிவூட்டிய யுரேனியத்தை 30 ஆண்டுகளுக்கு அமெரிக்கா தரும், பதிலுக்கு உலைகள் கண்காணிப்புக்கு உட்படும். 1968இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்தவர்கள் மட்டுமே அணு ஆயுத நாடுகள், மற்றவர்கள் குண்டைத் துறந்து முழுக் கண்காணிப்பை ஏற்க வேண்டும். 1964இல் குண்டு வெடித்த சீனா கோட்டுக்கு உள்ளே, இந்தியா வெளியே. இந்தியா கையெழுத்திடவில்லை.

1974 மே 18. பொக்ரானில் பூமி குலுங்கியது. வெடித்த புளூட்டோனியம் சைரஸில் உருவானது. இது 'அமைதியான அணு வெடிப்பு', வாக்கு மீறப்படவில்லை என்றது இந்தியா. கனடா அதை ஏற்காமல் உதவிகளை நிறுத்தியது. நாடுகள் கூடி 'அணுப்பொருள் வழங்குவோர் குழு' அமைத்தன. இன்றைக்கு உலக அணு வணிகத்தின் விதிகளை வகுக்கிற அந்தக் குழு பிறந்ததே நம்மால்தான். 1978இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: தன் எல்லா அணு நிலையங்களையும் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு எரிபொருள் இல்லை. தாராப்பூருக்கு வந்துகொண்டிருந்த யுரேனியம் சிக்கலானது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1982இல் பிரான்ஸ் அந்த இடத்துக்கு வந்தது.

மறுப்பில் வளர்ந்த கல்பாக்கம்

கல்பாக்கத்தை இந்த மறுப்பின் குழந்தை என்றே சொல்லலாம். ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் உலை கனடாவின் துணையோடு கட்டப்பட்டது. பொக்ரானுக்குப் பிறகு அவர்கள் போய்விட, கற்றுக்கொண்டதை வைத்து நம் பொறியாளர்கள் கல்பாக்கத்தில் இரண்டு உலைகளைக் கட்டினார்கள். முதலாவது 1983 ஜூலையில் உயிர்பெற்றது, இரண்டாவது 1985இல். வெளிநாட்டு உதவி இல்லை என்பதால் வெளிநாட்டுக் கண்காணிப்பும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை அங்கிருக்கிற சின்ன வேக ஈனுலையின் கதை. பிரான்ஸின் ராப்சோடி உலையை மாதிரியாகக் கொண்டு 1969இல் ஒப்பந்தம் போட்டார்கள். எரிபொருளில் அதிகம் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். பொக்ரானுக்குப் பிறகு அது கிடைக்கவில்லை. டிராம்பே விஞ்ஞானிகள் புளூட்டோனியமும் யுரேனியமும் 70க்கு 30 என்று கலந்த கார்பைடு எரிபொருளை உருவாக்கினார்கள். அந்தக் கலவையை முழு எரிபொருளாக வைத்து உலகில் எந்த உலையும் அதுவரை ஓடியதில்லை. காற்றில் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பொடி அது. மந்த வாயு நிரம்பிய பெட்டிக்குள் கையுறை மாட்டி வேலை செய்ய வேண்டும். 1985 அக்டோபரில் உலை இயங்கியது. களிமண் கிடைக்காத ஊரில் வேறு மண்ணைப் பிசைந்து பாத்திரம் செய்தவன் பெருமை அதில் உண்டு. அந்தப் பெருமையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் கண்காணிப்பு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து கல்பாக்கத்தைப் பார்த்தால் படம் வேறு. தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளோ கூடங்குளம் உலையோ எரிபொருள் மாற்ற வேண்டுமானால் உலையை நிறுத்தி, மேல் மூடியைத் திறக்க வேண்டும். மறைத்துச் செய்ய முடியாது. கல்பாக்கத்தின் கன நீர் உலை அப்படியல்ல. 306 குழாய்கள், ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீளத்தில் 12 எரிபொருள் கட்டுகள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதுக் கட்டைத் தள்ளி மறுபக்கம் பழையதை எடுக்கலாம். மின்சாரத்துக்கு நல்ல வசதி. ஆனால் எரிபொருளை அரைவேக்காட்டில் வெளியே எடுத்தால் அதில் இருப்பது குண்டுக்கு உகந்த புளூட்டோனியம். எப்போது எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று நாள்தோறும் எண்ணினால்தான் தெரியும்.

எண்ணுகிறவர்களின் வேலை

எப்படி எண்ணுகிறார்கள்? இங்கேதான் பெரியப்பாவின் நோட்டு வருகிறது.

ஒவ்வொரு நிலையமும் தன் கணக்கைத் தருகிறது. இவ்வளவு வந்தது, இவ்வளவு எரிந்தது, இவ்வளவு குளத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்க்கிறார்கள். கணக்கில் விடுபட்டதற்கு 'கணக்கில் வராத பொருள்' என்றே பெயர். பொடியாகக் குழாயில் ஒட்டியது, அளவுப்பிழை எல்லாம் அதில் சேரும். பத்து அகல்விளக்கு காணாமல் போனால் சண்டையோடு முடியும். இங்கே 8 கிலோ புளூட்டோனியத்தை ஒரு குண்டுக்கான அளவாக முகமை வைத்திருக்கிறது. பல நூறு டன் கனமான பொருளைக் கையாள்கிற இடத்தில் 8 கிலோ தவறக் கூடாது.

கணக்கோடு முத்திரையும் உண்டு. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த உலோக முத்திரை ஒரு நாணயம் அளவுதான். அதன் உட்புறக் கீறல்களை முன்கூட்டியே படம் பிடித்து வைத்துவிடுவார்கள். கழற்றிய பிறகு வியன்னாவில் மறுபடி படம் எடுத்து ஒப்பிடுவார்கள். எங்கள் தொழிலில் செக்சம் என்போமே, அதேதான். எரிந்த எரிபொருள் கிடக்கும் குளத்தில் ஒரு நீல ஒளி இருக்கும். அதைப் பார்க்கும் கருவியால், அங்கே கிடப்பது உண்மையான எரிபொருளா, போலிக் கம்பியா என்று சொல்லலாம். சுவரை ஒரு துணியால் துடைத்து எடுத்துப் போனாலே போதும், அங்கே என்ன நடந்தது என்று துகள்கள் பேசும். 1992இல் வட கொரியா ஒரே ஒரு முறை கொஞ்சம் புளூட்டோனியம் பிரித்தோம் என்றது. எடுத்துப்போன மாதிரிகள் பல முறை பிரித்திருக்கிறீர்கள் என்றன. கோன் சாய்ந்துவிட்டது.

ஆனால் கோனை வைத்த சூளையில்தான் அது சாயும். ஈராக் கண்காணிப்புக்குள் இருந்த நாடு. 1991 போருக்குப் பிறகு உள்ளே போனவர்கள், அறிவிக்காத இடங்களில் பெரிய ஆயுதத் திட்டமே நடந்திருப்பதைக் கண்டார்கள். காட்டிய அறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு 1997இல் கூடுதல் நெறிமுறை என்று ஒன்று வந்தது. கேட்காத கதவையும் தட்ட அது வழி செய்தது.

கோடு போட்ட கதை

1998 மே மாதம் இந்தியா மறுபடி வெடித்தது. தடைகள் வந்தன. கூடவே ஜஸ்வந்த் சிங்கும் ஸ்ட்ரோப் டால்பாட்டும் இரண்டு வருஷத்துக்கும் மேல் பல நாடுகளில் சந்தித்துப் பேசினார்கள். 2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். இந்தியா தன் சிவில் நிலையங்களையும் ராணுவத்துக்கானவற்றையும் பிரிக்கும், சிவில் பக்கத்தைக் கண்காணிப்புக்குத் தரும், பதிலுக்கு உலக அணு வணிகம் திறக்கும்.

அப்போது நமக்கு யுரேனியத் தட்டுப்பாடு. ஓடக்கூடிய உலைகளைக்கூடப் பாதி அளவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே பேரம் தேவைப்பட்டது. எந்த உலை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் சண்டை. வேக ஈனுலைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவர அமெரிக்கத் தரப்பு அழுத்தியது. அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கர் 2006 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் பேட்டியில் முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். பதவியில் இருக்கும் விஞ்ஞானி, பேச்சுவார்த்தை நடக்கும்போதே அப்படிப் பேசுவது அபூர்வம். அவர் பக்கம் வென்றது.

2006 மார்ச்சில் வெளியான திட்டப்படி 22 உலைகளில் 14 கண்காணிப்புக்குள் வரும். எட்டு வராது. அந்த எட்டில் கல்பாக்கத்தின் இரண்டும் அடக்கம். அங்குள்ள இரண்டு ஈனுலைகளும், இயங்குவதும் கட்டிக்கொண்டிருந்ததும், வெளியே நின்றன. எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த சைரஸ் மூடப்படும் என்றார்கள். 2010 கடைசி நாளில் மூடினார்கள். 2008 ஆகஸ்ட் 1 அன்று முகமையின் ஆளுநர் குழு ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 6 அன்று, நம்மால் பிறந்த அந்த அணுப்பொருள் வழங்குவோர் குழு நமக்காகவே விலக்கு அளித்தது. 1974இல் கோபித்துப் போன கனடா 2015இல் நமக்கு யுரேனியம் விற்க ஒப்பந்தம் போட்டது.

கூடங்குளத்தின் பாதை வேறு. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் அது. வெளிநாட்டு உலை, வெளிநாட்டு எரிபொருள். ஆகவே தொடக்கத்திலிருந்தே கண்காணிப்பு அதன் நிபந்தனை. 1992இல் குழு விதியை இறுக்கியபோது, எங்களுடையது அதற்கு முந்தைய ஒப்பந்தம் என்று ரஷ்யா வாதிட்டு, கட்டிக் கொடுத்தது.

இந்தப் பேரத்தை விமர்சித்தவர்களின் கணக்கையும் சொல்ல வேண்டும். இறக்குமதி யுரேனியம் சிவில் உலைக்குப் போனால் உள்நாட்டு யுரேனியம் முழுக்க மறுபக்கத்துக்கு மிச்சமாகும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை நினைத்தால் ஆண்டுக்கு 140 கிலோ வரை ஆயுதத் தரப் புளூட்டோனியம் தர முடியும் என்று 2007இல் எம்.வி. ரமணாவும் அலெக்சாண்டர் கிளேசரும் கணக்கிட்டார்கள். செய்கிறார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. செய்ய முடியும், பார்க்க ஆளில்லை என்றார்கள்.

கேமராவுக்குத் தெரியாதது

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். கண்காணிப்பு இருக்கிற கூடங்குளம் நல்லது, இல்லாத கல்பாக்கம் சந்தேகத்துக்குரியது என்று எளிதாகப் பிரித்து வைத்திருந்தேன். இடிந்தகரை அதைக் கலைத்தது.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா. அந்த வருஷமே இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் மீனவப் பெண்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. விபத்து நடந்தால் எப்படி வெளியேறுவோம்? கடல் சூடானால் மீன் என்னவாகும்? கழிவை எங்கே வைப்பீர்கள்? பதிலாகத் தேசத்துரோக வழக்குகள் வந்தன. 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அதே நாளில் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

வியன்னாவின் கேமரா அப்போதும் உலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வேலை அதுதான். எரிபொருள் குண்டாக மாறுகிறதா என்று மட்டும் அது பார்க்கும். உலை பத்திரமா, வேலையாள் பத்திரமா, ஊர் பத்திரமா என்பது அதன் கேள்வி இல்லை. பாதுகாப்பு குறித்து முகமை ஆலோசனை சொல்லும், அழைத்தால் குழு அனுப்பும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. தமிழில் இரண்டுக்கும் 'கண்காணிப்பு' என்றே எழுதுகிறோம். அதனால்தான் எனக்கும் குழம்பியது.

கல்பாக்கத்திலோ இரண்டு கண்ணும் இல்லாத ஒரு மூலை இருந்தது. 2000ஆம் ஆண்டு ஓர் அரசு உத்தரவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டன. மையமே தன்னைத் தான் பார்த்துக்கொள்ளும். 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்தில் அந்த மையத்தின் மறுசெயலாக்க ஆலையில், குறைந்த கதிர்வீச்சுக் கழிவு இருப்பதாக நினைத்த தொட்டிக்குள் வால்வுக் கசிவால் அதிகக் கதிர்வீச்சுக் கழிவு வந்து சேர்ந்திருந்தது. மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உள்பட ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகத்துக்கு அது தெரிய மாதங்கள் ஆயின. ஆலை குண்டுக்கா மின்சாரத்துக்கா என்ற பெரிய விவாதத்தில் அந்த ஆறு பேருக்கு இடம் இருக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் பார்க்கக் கூடாது என்று கட்டிய சுவர், உள்ளூர்க்காரன் பார்வையையும் சேர்த்தே மறைத்தது.

2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஒழுங்குமுறை வாரியமே அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. சுதந்திரமான ஓர் ஆணையத்துக்காக 2011இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமல் காலாவதியானது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டன: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்கு அடுத்த புத்தாண்டிலும் அது நிற்கவில்லை. ராஜதந்திரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பட்டியல் பொதுமக்களுக்கு வெளியாவதில்லை. இஸ்லாமாபாத்துக்குத் தெரியும், விருத்தாசலத்துக்குத் தெரியாது.

நோட்டு

ஈரான் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. 2015 ஒப்பந்தத்தில் செறிவூட்டல் 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ என்று எண்களாக எழுதி, உலகத்திலேயே மிக நெருக்கமான கண்காணிப்பை ஈரான் ஏற்றது. 2018இல் அமெரிக்கா வெளியேறியது. 2021இல் செறிவூட்டல் 60 சதவீதத்தைத் தொட்டது. 2022இல் 27 கேமராக்களை ஈரான் கழற்றியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போட்டன. அடுத்த மாதம் ஆய்வாளர்கள் டெஹ்ரானைவிட்டுக் கிளம்பினார்கள். நோட்டில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேரில் ஒருவர் எழுந்துபோனால் மற்றவரும் போய்விடுவார். அதற்குப் பிறகு சூளைக்குள் என்ன வேகிறது என்று யாருக்கும் தெரியாது. பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நமக்கு விலக்கு, கையெழுத்திட்டவனுக்குக் குண்டு என்று ஈரானியர் ஒருவர் சொன்னால் என்னிடம் சுலபமான பதில் இல்லை.

பெரியப்பாவின் யூனிட் மூடி வருஷங்கள் ஆகின்றன. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். முத்திரை, கேமரா, துணியில் துடைப்பது எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டார். கல்பாக்கத்து ஆறு பேர் கதை வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சூளைக்காரனுக்கும் எனக்கும்தான நோட்டு போட்டோம்" என்றார். "சூளைக்குப் பக்கத்துல நின்னு கரி தள்ளினவனுக்கு எதுவும் எழுதலியே தம்பி."

கண்ணுக்குப் பாதுகாப்பில்லாமல் அந்தத் துளைவழி பார்த்துப் பார்த்தே பார்வை மங்கிப்போன ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். கோன் சாய்ந்துவிட்டது என்று கத்திச் சொல்வது அவர் வேலை. அவர் பேர் எந்த நோட்டிலும் இருக்காது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.